அம்பு ஸ்டிக்கர்

பனியனில் ஓட்டை இருந்தால்
பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
எண்ணெய்க் கறைக்கு ஒன்று. தையல் விட்டதற்கு ஒன்று.
திருப்பூர் அவினாசி ரோட்டில் பதினெட்டு வருசமாக
ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று
குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதனால்தான்
சோத்து நேரத்தில் நாச்சாத்தா அக்கா
போனை டிபன் டப்பாவில் சாய்த்துவைத்து
அந்தப் பழைய காதல் படத்தைப் போட்டபோது
என் கை சும்மா இருக்கவில்லை.

பாவாத்தாள் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
கோபிக்குக் கிழக்கே, மஞ்சக்காட்டுக்காரர் மகள்.
அதற்குப் போய்
எங்கிருந்தோ ஒரு கோதுமை நிறத்துப் புள்ளையைக்
கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இடுப்பில் கூடை இருக்கிறது;
இடுப்பு கூடைக்கு இடம் தரவில்லை.
அம்பு.
ஈர வரப்பில் சேலையைத் தூக்காமல்
பாதத்தைத் தூக்கித் தூக்கி வைக்கிறாள்
சுடுமண்ணில் இறங்கிய கோழி மாதிரி.
அம்பு.
"ஏனுங்க, சித்தெ நில்லுங்க" என்று குரல் வருகிறது,
உதடு அதற்கு முன்னமே மூடிவிட்டது.
அந்தக் குரலும் வேறொருத்தியுடையது.
மெட்ராஸில் ஏதோ இருட்டறையில் நின்று பேசியவள்.
அவளும் இந்தப் பக்கத்துக்காரி இல்லை,
அந்த 'நில்லுங்க'வில் எங்கள் இழுப்பு இல்லை.
இதற்கு அம்பை யார்மேல் ஒட்ட?

"அழகுக்குப் போட்டிருப்பாங்க புள்ள."
"அழகுக்குப் போட இதென்ன காலண்டராக்கா?"
மடிப்பு டேபிள் வரைக்கும் சிரிப்பு போனது.
மினதி சிரிக்கவில்லை.
எல்லோரும் நிறுத்திய பிறகு சிரித்தாள்.
ஒரிசாவிலிருந்து வந்து நாலு மாசம் ஆகிறது.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி.
பஸ் ஸ்டாண்டு. பவானி வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.
தை மாசம் முகூர்த்தம்,
பொண்ணு தாய்மாமன் மக.
இதைச் சொல்ல அவன்
மழையைப் பேசுகிறான், வெள்ளாமையைப் பேசுகிறான்,
அண்ணன் வாங்கிய கடனைப் பேசுகிறான்,
மூன்று நிமிசம், ஒரே ஷாட்.

வேறொரு நாயகி என்றால் அவன் கண்ணைப் பார்த்திருப்பாள்.
எங்கே எந்தச் சொல்லில் நீர் முட்ட வேண்டும் என்று
அவளுக்குத் தெரிந்திருக்கும்.
இவள் பார்ப்பது அவன் வாயை.
அது எப்போது நிற்கும், தன் வசனம் எப்போது
என்று கண்டுகொள்ள
பாஷை தெரியாதவளுக்கு வேறு வழியில்லை.

உரித்த அம்பு விரல் நுனியிலேயே நின்றுவிட்டது.

ஈரோடு ஜங்ஷனுக்கு எதிரே ஒரு டீக்கடையில்
ஒருத்தன் எனக்கும் இப்படிச் சுத்தி வளைத்துச் சொன்னான்.
எங்க ஊர்த் தமிழ்.
ஒரு சொல் மிச்சமில்லாமல் எனக்குத் தெரிந்த தமிழ்.
நான் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேலுதட்டில் பாலாடை ஒட்டியிருந்தது.
அவன் நிறுத்தியதும் பேசலாம் என்று இருந்தேன்.
நிறுத்தினான்.
எனக்கு யாரும் எதுவும் எழுதித் தந்திருக்கவில்லை.

மணி அடித்தது.
"அந்தக் கட்டை அக்கட்டால வையி புள்ள" என்றார்
சூப்பர்வைசர் மாரப்பன்.
மினதி அவர் வாயைப் பார்த்தாள்.
வாய் நின்றது.
சரியான கட்டா தவறான கட்டா, ஏதோ ஒன்றை எடுத்து
இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.
இடுப்பு வாங்கிக்கொண்டது.

"கடைசியா என்னதாஞ் சொல்ற,
அவளப் போட்டது சரியா தப்பா?"
போனைத் துடைத்து ஜாக்கெட்டுக்குள் வைத்தபடி
அக்கா கேட்டாள்.

"கூடை புடிச்சது தப்புதானுங்கக்கா."

"பஸ் ஸ்டாண்டு?"

அடுத்த கட்டைப் பிரித்தேன்.
நாற்பது பீஸ், எக்ஸ்எல்.
முதல் பீஸில் தோள்பட்டை ஒன்றரை இஞ்சு இறங்கியிருந்தது.
யாருக்காவது சரியாக இருக்கும்.
அதற்கும் ஒரு அம்பு ஒட்டினேன்.